குண்ட்ராடா யார் மகள்? வாரென் குடும்பத்தின் கொடிவழி பற்றிய இழை

வாசகர் கேள்வி, பிப்ரவரி 9

"இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் மன்னரின் மகள்தான் குண்ட்ராடா என்றும், அவரை மணந்துகொண்டதால்தான் வில்லியம் டி வாரென் அத்தனை நிலங்களைப் பெற்றார் என்றும் ஒரு வம்சாவளித் தளத்தில் படித்தேன். வாரெனும் குண்ட்ராடாவும் இங்கிலாந்தில் நிறுவிய லூயிஸ் மடத்தின் சாசனத்தில் 'என் மகள்' என்று மன்னரே குறிப்பிட்டிருக்கிறாராம். மன்னரே சொன்ன பிறகு மறுக்க என்ன இருக்கிறது?"

பிப்ரவரி 9, இரவு

மறுக்க நிறைய இருக்கிறது. முதலில் நில விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனெனில் அது எளிது.

நார்மண்டியில் ஆர்க் நகருக்குத் தெற்கே வாரென் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் அதே பெயருடைய சிற்றூரிலிருந்துதான் இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வந்தது. வில்லியம் டி வாரென் இளைய மகன். தந்தை ரோடல்ஃபின் சொத்துக்கு அண்ணன் இருந்தார். இளையவருக்கு வாழ்வு கொடுத்தது 1054ஆம் ஆண்டு மார்டெமரில் நடந்த போர். அந்தப் போரில் நார்மன் படைத்தலைவர்களில் ஒருவரான ரோஜர் டி மார்டெமர், எதிரிப் பக்கத்துப் பிரபு ஒருவருக்குத் தாம் முன்பே விசுவாசப் பிரமாணம் செய்திருந்த காரணத்தால் அவரைத் தம் கோட்டையில் மூன்று நாள் மறைத்துவைத்துப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவிட்டார். அப்போது நார்மண்டியின் வெறும் டியூக்காக இருந்த, பின்னாளில் 'வெற்றியாளர்' என்று பெயர் பெற்ற மன்னர் வில்லியம் கோபமடைந்து ரோஜரை நாடு கடத்தி, கோட்டையைப் பறித்து, அவருடைய உறவினரான இளைஞர் வாரெனிடம் கொடுத்தார். பெலென்கோம்பரும் வாரென்களின் கைக்கு வந்து நார்மண்டியில் அவர்களுடைய தலைமையிடமாயிற்று. 1066இல் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் களத்தில் டியூக்குடன் நின்றதாகச் சமகால ஆதாரம் உள்ள மிகச் சிலரில் வாரென் ஒருவர். 1086இல் இங்கிலாந்தின் நிலங்களைப் பதிவு செய்த டூம்ஸ்டே கணக்கெடுப்பு நடந்தபோது அவருக்குப் பதின்மூன்று கவுன்டிகளில் நிலம் இருந்தது. ஆண்டு மதிப்பு ஏறத்தாழ 1,165 பவுண்டு. சசெக்ஸில் லூயிஸ், நார்ஃபோக்கில் காசில் ஏக்கர், யார்க்ஷயரில் கொனிஸ்பரோ ஆகியவை அவற்றில் முக்கியமானவை. போரில் உழைத்தவருக்குக் கிடைத்த கூலி இது. இதற்கு மாமனார் தேவையில்லை.

சாசனத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். அது சற்று நீளும்.

பிப்ரவரி 10

சாசனங்கள் இரண்டு. முதலாவது, நார்ஃபோக்கிலுள்ள வால்டன் என்ற பண்ணை நிலத்தை லூயிஸ் மடத்துக்கு மன்னர் கொடுத்த சாசனம். அதில் குண்ட்ராடாவின் பெயரை அடுத்து 'என் மகள்' என்ற சொற்கள் காணப்படுகின்றன. இரண்டாவது, வாரென் கொடுத்ததாகச் சொல்லப்படும் மடத்தின் தோற்றுவாய்ச் சாசனம். அதில் மன்னரின் மனைவி மட்டில்டா அரசி 'என் மனைவியின் தாய்' என்று குறிக்கப்படுகிறார். இரண்டும் சேர்ந்தால் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் முதல் சாசனத்தில் அந்தச் சொற்கள் பின்னாளில் நுழைக்கப்பட்டவை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டப்பட்டது. இரண்டாவதோ வாரென் வாழ்ந்து முடித்து நெடுங்காலத்துக்குப் பிறகு மடத்துக்குள் ஊதிப் பெருக்கப்பட்ட ஆவணம். நமக்குக் கிடைத்திருப்பது 1444இல் தொகுக்கப்பட்ட மடத்துச் சாசனப் பதிவேட்டிலுள்ள படி. ஒரு மடம் தன்னை நிறுவிய அம்மையாரை மன்னரின் மகளாக ஆக்கிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. நில வழக்கில் எதிரி வந்து நிற்கும்போது 'எங்கள் மடம் மன்னரின் மகள் கட்டியது' என்று சொல்வதற்கும் 'யாரோ ஒரு பிளாண்டர்ஸ் நாட்டுப் பெண்மணி கட்டியது' என்று சொல்வதற்கும் நீதிமன்றத்தில் விலை வேறு.

ஆவணத்தைப் படிப்பதற்கு முன் அதை யார் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள் என்று கேட்பது என் வழக்கம். இந்த இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

'மன்னரின் மகள் இல்லையென்றால் வேறு யார்?' என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால், கெர்போடின் தங்கை.

ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி ஷ்ரூஸ்பரிக்கு அருகே 1075இல் பிறந்து நார்மண்டியின் மடமொன்றில் வாழ்ந்தவர். வாரெனைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் குண்ட்ராடாவை 'கெர்போடின் சகோதரி' என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறார். கெர்போட் பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) நாட்டவர். செஸ்டரின் ஏர்லாக நியமிக்கப்பட்டு, 1071 வாக்கில் அந்தப் பதவியை விட்டுத் தாய்நாட்டுக்குப் போய்விட்டவர். மன்னரின் மகள்களைப் பட்டியலிடும்போது அதே ஆர்டெரிக் குண்ட்ராடாவைச் சேர்க்கவில்லை. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அரச குடும்பச் செய்தி என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை.

இன்னொரு சகோதரர் பிரெடெரிக். நார்மன்களை எதிர்த்துக் கலகம் செய்த ஆங்கிலேயர் ஹியர்வர்ட் இவரைக் கொன்றார். பின்னாளில் கதைப்பாடல்களின் நாயகனான அதே ஹியர்வர்ட்தான். பிரெடெரிக்கின் நிலங்கள் வாரெனுக்கு வந்தன. டூம்ஸ்டே பதிவில் கிழக்குக் கவுன்டிகளில் வாரெனின் ஊர்கள் பலவற்றுக்கு எதிரே 'பிரெடெரிக்கின் நிலத்தொகுதியைச் சேர்ந்தது' என்ற குறிப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. எழுதிய குமாஸ்தாவுக்கு யாரையும் உயர்த்தும் நோக்கம் இல்லை. இந்த நிலம் எப்படி இவர் கைக்கு வந்தது என்று வரி அதிகாரிக்குத் தெரிந்தால் போதும். குண்ட்ராடாவின் பிறந்த வீட்டைப் பற்றிய மிக நேர்மையான சாட்சியம் இதுதான் என்பது என் எண்ணம். அது குடும்ப வரலாறு என்று எழுதப்பட்டதே இல்லை.

பிப்ரவரி 13

கல்லறைக் கல்லைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் நகராது. வேலை நிமித்தம் சசெக்ஸ் பக்கம் வசித்த காலத்தில் சவுத்ஓவரிலுள்ள புனித யோவான் தேவாலயத்துக்குப் போய் அதைப் பார்த்திருக்கிறேன்.

கறுப்பு டூர்னே சலவைக்கல். தென்பக்கத்துச் சிறு ஆலயத்தின் நடுவே கிடத்தப்பட்டிருக்கிறது. விளிம்பைச் சுற்றிலும் ஒரு வரி எழுத்து ஓடுகிறது. நடுவே நீளவாக்கில் இன்னொரு வரி. இரண்டுக்கும் இடையே பனையோலை விசிறி போன்ற இலைக்கொத்துகளும் சிங்கத் தலைகளும் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டுள்ளன. சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பார்த்தால் செதுக்கலின் ஆழம் தெரிகிறது. எழுத்தைப் படிக்கக் கல்லைச் சுற்றி நடக்க வேண்டும். நான் அப்படி நடந்துகொண்டிருந்ததைப் பார்த்த தேவாலயத்து முதியவர் ஒருவர், பிரதட்சிணம் செய்கிறேனோ என்று நினைத்திருக்கலாம்.

அந்தச் செய்யுள் குண்ட்ராடாவை 'டியூக்குகளின் வழித்தோன்றல்' என்று தொடங்குகிறது. இதைக் காட்டித்தான் பலர் மன்னரின் மகள் என்று வாதிடுகிறார்கள். எனக்கோ இது எதிர்ச் சாட்சியமாகவே படுகிறது. இந்தக் கல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில், மடத்தின் பெரிய தேவாலயம் கட்டி முடிக்கப்பட்ட காலத்தில் செய்யப்பட்டது. இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியும், புகழ்வதற்கென்றே கூலி பெற்ற கவிஞர், மன்னரின் மகளை மன்னரின் மகள் என்று சொல்லாமல் 'டியூக்குகளின் வழி' என்று பன்மையில் மழுப்பியிருப்பாரா? அதே செய்யுள், ஆங்கிலேயரின் தேவாலயங்களுக்கு அவர் நல்லொழுக்கத்தின் நறுமணத் தைலத்தைக் கொண்டுவந்தார் என்கிறது. ஏழைகளுக்கு மார்த்தாளாகவும் பக்தியில் மரியாளாகவும் இருந்தார் என்கிறது. இறந்த நாள் மே 27 என்பதும் அதில் இருக்கிறது. ஆண்டு 1085, காசில் ஏக்கரில், பிரசவத்தின்போது. இவ்வளவையும் சொன்ன கவிஞர் அரசரை மட்டும் மறந்தார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 13, பிற்சேர்க்கை

கல் எப்படித் தப்பியது என்று கேட்டவருக்கு: 1537இல் மடம் எட்டாம் ஹென்றி மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவருடைய அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒரு இத்தாலியப் பொறியாளரை அனுப்பித் தேவாலயத்தைத் தரைமட்டமாக்கினார். அப்போது கல்லை யாரோ எடுத்துப்போய், ஐஸ்ஃபீல்ட் ஊர்த் தேவாலயத்தில் ஷர்லி குடும்பத்துக் கல்லறை ஒன்றுக்கு மேற்பலகையாகப் போட்டுவிட்டார்கள். 1775இல்தான் அது கண்டறியப்பட்டுச் சவுத்ஓவருக்கு வந்தது.

எலும்புகள் வெளிப்பட்டது 1845இல். பிரைட்டனிலிருந்து லூயிஸ் வழியாக ஹேஸ்டிங்ஸுக்கு ரயில் பாதை போட்டவர்கள் மடத்தின் இடிபாடுகளை நேராக வெட்டிக்கொண்டு போனார்கள். துறவிகளின் கூட்டமண்டபம் இருந்த இடத்தில் இரண்டு சிறிய ஈயப் பேழைகள் அகப்பட்டன. ஒன்றில் குண்ட்ராடா என்றும் மற்றதில் வில்லியம் என்றும் மூடியில் கீறியிருந்தது. பேழைகள் ஒவ்வொன்றும் 3 அடிக்கும் குறைவான நீளம். அதாவது உடலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல, முதற்கல்லறையிலிருந்து எலும்புகளைப் பொறுக்கி மாற்றி வைக்கச் செய்யப்பட்டவை. ஈயத்தின் மேற்பரப்பில் வலை பின்னியது போன்ற கோடுகள் இருக்கின்றன. 1847இல் கட்டப்பட்ட அந்தச் சிறு ஆலயத்தின் சுவரில் மாடம் வைத்து அவற்றை வைத்திருக்கிறார்கள். மடத்தைக் கட்டியவர்கள் கிடந்த மண்ணின் மேல் இன்றும் ரயில் ஓடுகிறது.

பிப்ரவரி 16

இப்போது முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனை நாளும் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

வாரெனுக்கும் குண்ட்ராடாவுக்கும் பிறந்த மூத்த மகன் பெயரும் வில்லியம். இவரை இரண்டாம் வில்லியம் என்று அழைப்போம். வெற்றியாளரின் மகன் முதலாம் ஹென்றி மன்னர், திருமணத்துக்கு வெளியே தமக்குப் பிறந்த மகள்களில் ஒருத்தியை இந்த இரண்டாம் வில்லியத்துக்குக் கொடுக்க நினைத்தார். கேன்டர்பரி பேராயர் ஆன்செல்மிடம் கருத்துக் கேட்டார். ஆன்செல்ம் 1109இல் இறந்தவர்; ஆகவே கடிதம் அதற்கு முற்பட்டது. பதில் தெளிவாக இருக்கிறது: இந்தத் திருமணம் கூடாது, இருவரும் ஒருபுறம் நான்காம் தலைமுறையிலும் மறுபுறம் ஆறாம் தலைமுறையிலும் ஒரே முன்னோரிடம் போய்ச் சேர்கிறார்கள்.

இதைச் சற்று நின்று பாருங்கள். குண்ட்ராடா வெற்றியாளரின் மகள் என்றால் ஹென்றிக்கு உடன்பிறந்த சகோதரி. அப்படியானால் இரண்டாம் வில்லியத்துக்கு ஹென்றி தாய்மாமன். மன்னரின் மகள் முறைப்பெண். நம் ஊராக இருந்தால் பாக்கு வெற்றிலை மாற்றியிருப்பார்கள். ஆனால் ஏழு தலைமுறைக்குள் உறவு இருந்தாலே மணம் தடை என்று வைத்திருந்த அன்றைய திருச்சபைக்கு அது நினைத்துப் பார்க்கவே கூடாத நெருக்கம். அத்தகைய உறவு இருந்திருந்தால் ஆன்செல்ம் ஏன் நான்கையும் ஆறையும் தேடிப் போகிறார்? 'அவள் இவனுடைய மாமன் மகள்' என்ற ஒரே வரி போதுமே. கையில் வாள் இருக்கும்போது குண்டூசியைத் தேடும் வழக்கறிஞர் உண்டா?

இந்தக் கடிதம் இன்னொரு கட்சியையும் வீழ்த்துகிறது. 1846இல் ஸ்டேபிள்டன் என்ற ஆய்வாளர், குண்ட்ராடா மன்னருக்குப் பிறந்தவர் அல்லர் என்றாலும், மட்டில்டா அரசிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்தவர் என்று ஒரு சமரசம் சொன்னார். அப்படி இருந்தாலும் ஹென்றி தாய்வழியில் சகோதரரே ஆகிறார்; முறை மாறவில்லை. 1888இல் வரலாற்றாசிரியர் ஃப்ரீமன் இந்த விவாதம் முழுவதையும் எடுத்து அலசி, இரண்டு கொள்கைகளையும் தள்ளினார். அதற்குப் பிறகு வரலாற்றுத் துறையில் இது முடிந்த விஷயம். வம்சாவளித் துறையில் மட்டும் முடியவில்லை.

பிப்ரவரி 17

'ஆன்செல்ம் சொன்ன நான்கும் ஆறும் எங்கிருந்து வந்தன? அவர் தோராயமாகச் சொல்லியிருக்கலாமே' என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிடலாம்.

வெற்றியாளரின் கொள்ளுப்பாட்டி கன்னர். முதலாம் ரிச்சர்ட் டியூக்கின் மனைவி. கன்னருக்குச் சகோதரிகள் உண்டு. கன்னரின் பெற்றோரைப் பொது முன்னோராக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் இறங்கினால் கன்னர் முதல் தலைமுறை, இரண்டாம் ரிச்சர்ட் இரண்டு, ராபர்ட் மூன்று, வெற்றியாளர் வில்லியம் நான்கு, ஹென்றி ஐந்து, மணப்பெண் ஆறு. மறுபக்கம் கன்னரின் சகோதரி ஒன்று, அந்தச் சகோதரியின் மகள் இரண்டு, அவளுக்குப் பிறந்த வில்லியம் டி வாரென் மூன்று, மணமகனாகிய இரண்டாம் வில்லியம் நான்கு.

நான்கும் ஆறும் அப்படியே வந்து உட்காருகின்றன. ஆகவே ஆன்செல்ம் தோராயமாகச் சொல்லவில்லை. யாரோ குடும்பக் கணக்கை அவர் முன் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி வாரெனின் தாய், கன்னரின் சகோதரி மகள். குண்ட்ராடா யார் என்று தேடப்போன இடத்தில் வாரென் யார் என்பது கிடைத்துவிடுகிறது: அரச குலத்தோடு உறவு உண்மையில் இருந்தது, ஆனால் அது கணவர் பக்கத்து உறவு, அதுவும் தூரத்து உறவு.

பிப்ரவரி 18

நேற்று எழுதியதைப் படித்தபோது அது கொஞ்சம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பதாகப் பட்டது. அதனால் இந்தக் குறிப்பு.

ரூவான் நகரின் திரித்துவ மடத்துச் சாசனங்களில் ரோடல்ஃப் டி வாரென் என்பவர் ஓரிடத்தில் பியட்ரிஸ் என்ற மனைவியுடனும் வேறிடத்தில் எம்மா என்ற மனைவியுடனும் வருகிறார். ஒரே ஆள், இரண்டு மனைவியர், முதல் மனைவி பியட்ரிஸின் மகனே நம் வில்லியம் என்பது நெடுநாள் ஏற்கப்பட்ட விளக்கம். என் எண்ணிக்கை அதை ஒட்டியது. ஆனால் தந்தையும் மகனுமாக இரண்டு ரோடல்ஃப்கள் இருந்தார்கள் என்ற வாதமும் 1990களில் வலுவாக முன்வைக்கப்பட்டது. நம் வில்லியம் இளைய ரோடல்ஃபின் மகன் என்றால், வாரென் பக்கத்தில் ஒரு படி கூடி நான்கு ஐந்தாகிவிடும். அப்போது கணக்கை வேறு வழியாகச் சரிக்கட்ட வேண்டும். ஆன்செல்மின் எண் தானாகப் பொருந்துவதால் நான் பழைய விளக்கத்தின் பக்கமே சாய்கிறேன்.

மார்டெமர் ரோஜரும் வாரெனும் உடன்பிறந்தவர்கள் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் ராபர்ட் டி டோரிஞி எழுதி வைத்திருப்பதையும் ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். டோரிஞிக்கு ஒரு பழக்கம்: நார்மன் பிரபுக்கள் எல்லோரையும் கன்னரின் சகோதரிகள், மருமகள்கள் வழியாக ஒரே குடும்பத்தில் கோத்துவிடுவார். கன்னர் தொடர்பு பற்றி அவர் சொன்னது மொத்தத்தில் சரி. படிகளைத்தான் அடிக்கடி குழப்புகிறார். 'உறவினர்' என்று மட்டும் சொல்லி நிறுத்திய ஆர்டெரிக்கை இந்த இடத்தில் நம்புவது நல்லது.

பிப்ரவரி 18, இரவு

டியூக்கின் உறவினர் என்பதால்தான் மார்டெமர் கோட்டை கிடைத்தது என்று ஒருவர் உடனே தாவியிருக்கிறார். கோட்டையை இழந்த ரோஜரும் உறவினர்தானே.

பிப்ரவரி 22

மடம் தோன்றிய கதையைக் கேட்டவர்களுக்காக. கணவனும் மனைவியும் ரோமாபுரிக்கு யாத்திரை புறப்பட்டார்கள். போப்புக்கும் பேரரசருக்கும் நடந்துகொண்டிருந்த சண்டையால் வழி அடைபட்டிருந்ததால், பர்கண்டியிலுள்ள க்ளூனி மடத்தில் தங்கினார்கள். அங்கு நடந்த உபசரிப்பிலும் ஒழுங்கிலும் மனம் பறிகொடுத்து, லூயிஸில் அதே மரபில் ஒரு மடம் வேண்டும் என்று கேட்டார்கள். க்ளூனியின் தலைவர் ஹியூவுக்குக் கடல் கடந்து ஆள் அனுப்ப விருப்பம் இல்லை. இழுத்தடித்துக் கடைசியில் லான்சோ என்பவரையும் மூன்று துறவிகளையும் அனுப்பினார். 1077இல் தொடங்கிய லூயிஸ், இங்கிலாந்தின் முதல் க்ளூனி மடம். யாத்திரைக் கதை நமக்குக் கிடைப்பது, நான் முன்னே திட்டிய அதே ஊதிப்பெருத்த சாசனத்திலிருந்துதான். அப்படியிருந்தும் அந்தப் பகுதியை நான் முழுவதும் ஒதுக்குவதில்லை. க்ளூனித் தலைவர் தயங்கினார் என்று எழுதிக்கொள்வதால் லூயிஸ் துறவிகளுக்கு எந்தப் பெருமையும் சேரவில்லை; பெருமை சேர்க்காத செய்தி பெரும்பாலும் யாரும் இட்டுக்கட்டாத செய்தி.

கெர்போடும் க்ளூனியில்தான் முடிந்தாரோ என்று ஒரு கிளைக்கதை உண்டு. 1071இல் காசெல் போரில் பிளாண்டர்ஸின் இளம் கவுன்ட் கொல்லப்பட்டார். தம் தலைவரைத் தாமே கொன்றுவிட்ட கெர்போட் என்பவர் போப்பிடம் போய்த் தம் கைகளை வெட்டச் சொன்னதாகவும், கை நடுங்குகிறதா என்று பார்த்து, நடுங்காவிட்டால் வெட்டாமல் விடும்படி போப் இரகசியமாகச் சொல்லி அனுப்பியதாகவும், கை நடுங்காததால் தப்பியவர் க்ளூனியில் துறவியானதாகவும் ஒரு மடத்து வரலாறு சொல்கிறது. இவர்தான் குண்ட்ராடாவின் அண்ணனா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஆர்டெரிக்கோ அவர் சிறைப்பட்டுத் துன்புற்றார் என்று மட்டும் சொல்கிறார். அண்ணன் க்ளூனியில் இருந்தால் தங்கை அங்கே போய்த் தங்கியதற்கு வழி அடைபட்டது தவிர இன்னொரு காரணமும் கிடைக்கும். இதை நிரூபணமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இந்தக் கதை பிடிக்கும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 25

வாரெனை ஒரு மடம் மட்டுமே நினைவில் வைத்திருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஈலி மடத்தாரும் வைத்திருந்தார்கள்; வேறு விதமாக.

1088இன் தொடக்கத்தில் வெற்றியாளரின் மகன் ரூஃபஸ் மன்னர் வாரெனுக்குச் சர்ரியின் ஏர்ல் பட்டம் கொடுத்தார். அந்த வசந்தத்தில் பெவென்ஸி முற்றுகையில் காலில் அம்பு தைத்தது. ஜூன் 24 அன்று இறந்தார். ஈலி மடத்தின் நூல் சொல்வது: அன்றிரவு படுக்கையில் விழித்திருந்த தலைமைத் துறவியின் காதில், பிசாசுகள் தூக்கிக்கொண்டு போகும் ஓர் ஆன்மா 'ஆண்டவரே, இரங்கும்' என்று அலறுவது கேட்டதாம்; அது வாரெனின் ஆன்மா என்று அவர் அடையாளமும் கண்டுகொண்டாராம். சில நாளில் விதவை அனுப்பிய ஆள் 100 ஷில்லிங்கோடு வந்தபோது, நரகத்துக்குப் போனவரின் பணம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் ஒன்றும் தெய்விகமானது அல்ல. வாரென் ஈலியின் நிலங்களைப் பிடித்து வைத்திருந்தார்.

நிலம் பெற்ற மடம் மனைவியை மன்னரின் மகளாக்கியது. நிலம் இழந்த மடம் கணவரைப் பிசாசிடம் கொடுத்தது. (பணம் அனுப்பிய விதவை குண்ட்ராடா அல்லர், அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். வாரென் மறுமணம் செய்துகொண்ட, ரிச்சர்ட் கூவே என்பவரின் சகோதரி அவர். வம்சாவளித் தளங்கள் இந்த இரண்டாம் மனைவியை அனேகமாக மறந்துவிடுகின்றன.)

மார்ச் 2

அலுவலகத்தில் உடன் பணிபுரிந்த ஆங்கிலேயர் ஒருவர், குண்ட்ராடா வழியாகத் தாம் வெற்றியாளரின் வாரிசு என்று நீண்ட அச்சுத்தாள் ஒன்றை மேசை மேல் விரித்துக் காட்டினார். நான் ஆன்செல்மின் கடிதத்தைச் சொன்னதும் தேநீர் ஆறும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகுதான் அவருக்கு ஓர் ஆறுதல் சொன்னேன். அதை இங்கும் எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்துக்கு அரச ரத்தம் வேண்டுமென்றால் பொய்ச் சாசனம் தேவையே இல்லை. ஹென்றியின் மகள் கிடைக்காத இரண்டாம் வில்லியம், அதற்கு முன்பே ஸ்காட்லாந்து இளவரசி ஈடித்தைக் கேட்டு ஏமாந்தவர். அதே ஈடித்தை ஹென்றி மணந்துகொண்டதால் மன்னர் மேல் அவருக்கு வன்மம் இருந்தது என்றும், வேட்டைப் பிரியரான மன்னரை 'மான்கால்' என்று கேலி செய்தார் என்றும் சொல்வார்கள். 1101இல் மன்னரின் அண்ணன் பக்கம் சேர்ந்து ஏர்ல் பட்டத்தை இழந்தார். 1103இல் திரும்பப் பெற்றார். 1106இல் டின்ஷ்பிரேயில் மன்னருக்காகப் படை நடத்தினார். 1118இல் விதவையான வெர்மண்டுவா இசபெல்லை மணந்தார். இந்த இசபெல், பிரான்ஸ் மன்னர் முதலாம் ஹென்றியின் மகன் வயிற்றுப் பேத்தி. அவர்கள் மகள் ஏடா 1139இல் ஸ்காட்லாந்து மன்னர் டேவிட்டின் மகனை மணந்து இரண்டு மன்னர்களுக்குத் தாயானார். ஆக, மூன்றாம் தலைமுறைக்குள் பிரான்சும் ஸ்காட்லாந்தும் ஆவணத்தோடு வந்துவிட்டன. ஆனாலும் என் நண்பருக்கு வெற்றியாளர்தான் வேண்டும். பிரான்சின் கேபே அரச குலத்தை யாருக்கும் தெரியாது, 1066 எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 3

'அப்படியானால் இந்தக் குடும்பத்தின் பிற்கால ஏர்ல் ஜான் டி வாரென் துருப்பிடித்த வாளை நீதிபதிகள் முன் நீட்டியது உண்மையா?' என்று கேட்டிருக்கிறார்கள். எந்த உரிமையில் நிலம் வைத்திருக்கிறாய் என்று முதலாம் எட்வர்டின் அதிகாரிகள் பிரபுக்களைக் கேட்டுவந்த காலம் அது. 'என் முன்னோர் வில்லியத்தோடு வந்து வாளால் வென்ற நிலம். அதே வாளால் காப்பேன்' என்று இவர் முழங்கியதாக ஒரு வரலாற்றாசிரியர் எழுதினார். நீதிமன்றச் சுருள்களிலோ, மற்றவர்களைப் போல இவரும் ஒழுங்காக வாதம் சொல்லி விடை பெற்றிருக்கிறார்.

எனக்கு இதில் சுவையாகப் படுவது வேறு. இரண்டாம் வில்லியத்தின் மகனான மூன்றாம் ஏர்ல் 1148இல் இரண்டாம் சிலுவைப் போரில் மாண்டார், மகன் இல்லை. மகள் இசபெல் முதலில் ஸ்டீபன் மன்னரின் மகனை மணந்தார். அவர் இறந்த பின் 1164இல் இரண்டாம் ஹென்றி மன்னரின் தகப்பன் வழிச் சகோதரரான ஹாமலினை மணந்தார். ஹாமலின் ஆஞ்சு நாட்டுக் குடும்பத்தவர். மனைவியின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார். கொனிஸ்பரோவின் வட்டக் கோபுரம் அவர் கட்டியது. வாள் நீட்டிய ஜான் இந்த ஹாமலினின் பேரன். தந்தை வழியில் அவருடைய முன்னோர் எவரும் 1066இல் கடல் தாண்டி வரவில்லை. அந்தத் தலைமுறையில் ஆஞ்சுக்காரர்கள் நார்மன்களின் பகைவர்கள். வாள் பாட்டி வீட்டுச் சொத்து.

மார்ச் 8

கடைசி ஏர்லைப் பற்றி ஒருவர் தனியே எழுதச் சொன்னார். எழுதத்தான் வேண்டும், ஆன்செல்மின் கணக்கு அங்கே தலைகீழாகத் திரும்புகிறது.

வாள்கார ஜானின் பேரன், இவரும் ஜான், 1306இல் முதலாம் எட்வர்டின் பேத்தி ஜோன் டி பாரை மணந்தார். பெண்ணுக்கு அப்போது பத்து வயது. மணவாழ்க்கை தொடக்கத்திலேயே கசந்தது. அவர் மாட் ஆஃப் நெர்ஃபோர்ட் என்ற பெண்ணோடு வாழ்ந்தார். அவளுக்குப் பிறந்த மகன்களுக்கு நிலத்தை எழுதி வைக்க ஏற்பாடு செய்தார். திருமணத்தை ரத்து செய்யத் திருச்சபை நீதிமன்றத்தில் முட்டி மோதினார். மனைவி நெருங்கிய உறவு என்றார், எடுபடவில்லை. சிறுவயதில் கட்டாயப்படுத்தினார்கள் என்றார், எடுபடவில்லை. 1345 வாக்கில், ஜோனை மணப்பதற்கு முன்பே அவளுடைய சித்தி மேரியோடு தமக்குத் தொடர்பு இருந்தது, ஆகவே ஜோன் தமக்கு விலக்கப்பட்ட உறவு என்று மனு கொடுத்தார். மேரி, எட்வர்டின் மகள். ஏம்ஸ்பரி மடத்தில் கன்னியாஸ்திரீயாக வாழ்ந்து 1332இலேயே இறந்துவிட்டவர். மறுப்பதற்கு அவர் உயிரோடு இல்லை. இந்த மனுவை உண்மை என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மணவிலக்குக்காக என்னவும் சொல்லத் துணிந்த ஒருவரின் வாக்குமூலம் என்பதற்கு மேல் இதற்கு நான் மதிப்புத் தரமாட்டேன்.

திருமணம் ரத்தாகவில்லை. 1347 ஜூன் இறுதியில் கொனிஸ்பரோவில் ஜான் இறந்தார். லூயிஸில் அடக்கம் செய்யப்பட்டார். மாட்டும் அவருக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். தென்பகுதி நிலங்கள் தங்கை மகன் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஆலனுக்குப் போயின. யார்க்ஷயர் நிலங்களை மூன்றாம் எட்வர்ட் தம் மகன் எட்மண்டுக்கு எடுத்துக்கொடுத்தார். ஜோன் டி பார் 1361 வரை உயிரோடு இருந்தார்; அந்த ஆண்டில்தான் ஃபிட்ஸ்ஆலன் சர்ரியின் ஏர்ல் என்ற பட்டத்தையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.